கூட்டத்தில் சாமியைக் காணோம்... மொபைல் படத்தில் எதை விடலாம், எதை விடவே கூடாது?

மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி, சிதம்பரத்தைத் தாண்டிக் கடலோரத்தில் இருக்கும் கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். வழி நெடுக ஜனம். தலைக்கு மேல் தூக்கிய கைகளில் எல்லாம் மொபைல். சாமி பக்கத்தில் வரும் அந்த ஒரு நிமிஷத்தில் ஆளாளுக்குப் பத்துப் படமாவது எடுத்துவிடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து படத்தைக் காட்டினால், வர முடியாமல் போன பாட்டி கேட்கும் முதல் கேள்வி: "இதுல சாமி எங்கப்பா இருக்கார்?"

பேரன் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது. படத்தில் மின்கம்பி இருக்கிறது, பிளெக்ஸ் பேனர் இருக்கிறது, பலூன்காரர் இருக்கிறார், முன்னால் நிற்பவரின் பின்னந்தலை இருக்கிறது, இன்னும் நாலு பேருடைய மொபைல் இருக்கிறது. இது எல்லாவற்றுக்கும் நடுவில் எங்கோ ஒரு பொட்டு மாதிரி சாமியும் இருக்கிறார்.

தப்பு மொபைலில் இல்லை. எதற்காகப் படம் எடுக்கிறோமோ, அதைப் போட்டோகிராபர்கள் 'சப்ஜெக்ட்' என்பார்கள். அந்த சப்ஜெக்ட்டைத் தவிர மற்றதை எல்லாம் முடிந்தவரை குறைத்துவிடுவதுதான் போட்டோகிராபியின் பழைய பாடம். சொல்வதற்கு எளிது. ஆனால் எதைக் குறைப்பது, எதைக் கட்டாயம் விட்டுவைப்பது என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. அதை இதே கடலூர் மாவட்டத்தில் எடுக்கப்பட்ட, உலகமே பார்த்த ஒரு படத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

கண்ணில் தெரிந்தது படத்தில் தொலைவது ஏன்?

கையை நேராக நீட்டி, கட்டைவிரலை உயர்த்திப் பாருங்கள். அந்த நகத்தின் அளவுக்குத்தான் நம் கண் ஒரு நேரத்தில் மிகத் தெளிவாகப் பார்க்கிறது. சுற்றிலும் இருப்பது எல்லாம் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் கண் ஒரு விநாடிக்குள்ளேயே மூன்று, நான்கு முறை தாவித் தாவிப் பார்ப்பதால், எல்லாமே தெளிவாகத் தெரிவது போல மூளை நமக்குத் தோன்ற வைக்கிறது.

இன்னொரு வேலையையும் மூளை செய்கிறது. தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, வேண்டாததைத் தள்ளிவிடும். கூட்டத்தில் சாமியைப் பார்க்கும் பக்தருக்கு மின்கம்பி கண்ணில் படுவதே இல்லை. கம்பி அங்கேதான் இருக்கிறது, மனசு அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கேமராவுக்கு மனசு கிடையாது. சாமியும் பேனரும் அதற்கு ஒன்றுதான். லென்ஸுக்கு முன்னால் இருப்பதை எல்லாம் ஒரே மரியாதையோடு பதிவு செய்துவிடும். அதோடு, இன்றைய மொபைல்களில் முதலில் திறக்கும் லென்ஸே அகலமான லென்ஸ்தான். ஒரு பெரிய ஹாலையோ, தெருவையோ முழுசாகப் பிடிப்பதற்கு அது வசதி. தூரத்தில் இருக்கும் ஒன்றைக் காட்ட நினைத்தால், அதே லென்ஸ் அதைச் சின்னதாக்கிச் சுற்றி இருப்பதை எல்லாம் உள்ளே இழுத்துப் போட்டுவிடும்.

ஆக, கண் தானாகச் செய்யும் வடிகட்டும் வேலையைப் படம் எடுப்பவர் தன் கையால் செய்ய வேண்டும். அதுதான் இங்கே எளிமை என்று சொல்லப்படுவது.

கடலூர் மணலில் எடுத்த அந்தப் படம்

2004 டிசம்பர் 26. சுனாமி தமிழகக் கடற்கரையைப் புரட்டிப் போட்ட நாள். கடலூர் மாவட்டத்தின் மீனவ கிராமங்களில் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 28 அன்று, ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் போட்டோகிராபர் அர்கோ தத்தா கடலூரில் ஒரு படம் எடுத்தார்.

அந்த நேரத்தில் அந்தக் கடற்கரையில் எதற்குத்தான் பஞ்சம்? உடைந்த படகு, சரிந்த வீடு, தேடி அலையும் உறவினர்கள், மீட்புப் பணியாளர்கள் என்று திரும்பிய பக்கம் எல்லாம் அழிவு. இதில் எதுவும் அந்தப் படத்தில் இல்லை.

ஒரு பெண் மணலில் விழுந்து கிடக்கிறார். இரண்டு கைகளும் விரிந்து, உள்ளங்கைகள் மேலே பார்த்தபடி இருக்கின்றன. முகத்தில் கதறல். சுற்றிலும் மணல், வெறும் மணல். படத்தின் ஓரத்தில், சுனாமியில் இறந்துபோன அவருடைய உறவினரின் கை மட்டும் தெரிகிறது.

அவ்வளவுதான் படம். கடல் இல்லை, அலை இல்லை, கூட்டம் இல்லை. சுனாமி என்ற சொல்லை முதல்முறையாகக் கேட்ட தூர தேசத்துக்காரருக்கும், என்ன நடந்திருக்கிறது என்று அந்த ஒரு படம் சொன்னது. வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு 2004-ம் ஆண்டின் சிறந்த செய்திப் படமாக இதைத் தேர்ந்தெடுத்து, 2005 பிப்ரவரியில் அறிவித்தது.

இந்தப் படத்தில் கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது, மணல். மணல் ஒரே நிறம், ஒரே மாதிரி பரப்பு. அதில் கண் நின்று பார்ப்பதற்கு எதுவுமே இல்லாததால், நேராக அந்தப் பெண்ணின் முகத்துக்கும் கைகளுக்கும் போய்விடுகிறது. இரண்டாவது, ஓரத்தில் இருக்கும் அந்தக் கை.

அந்தக் கையை மட்டும் விரலால் மறைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தால் என்ன மிஞ்சும்? ஒரு பெண் அழுகிறார். ஏன் அழுகிறார், யாருக்காக அழுகிறார் என்று தெரியாது. கையை எடுத்துவிட்டால் அது துக்கத்தின் படம். கை இருக்கும்போதுதான் அது ஒருவரை ஒருவர் இழந்த படம். அதே நேரத்தில், இறந்தவரின் முகமோ முழு உடலோ காட்டப்படவில்லை. அதைக் காட்டியிருந்தால் பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார், இறந்தவருக்கும் அது மரியாதை ஆகாது.

அதாவது, குறைப்பதில் ஒரு எல்லை இருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துவிடலாம், அந்தக் கையைத் தவிர.

எளிமை என்றால் காலி பின்னணியா?

பின்னணியைக் காலியாக விட்டால் போதும் என்றால், நம் எல்லோரிடமும் ஏற்கெனவே ஒரு நல்ல படம் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ! வெள்ளைச் சுவர், நேராகப் பார்க்கும் முகம், கவனத்தைச் சிதறடிக்க எதுவுமே கிடையாது. ஆனாலும் ஆதார் அட்டையில் இருக்கும் தன் படத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டவர் யாராவது உண்டா? அதில் ஆள் இருக்கிறார், ஆனால் அவரைப் பற்றிய சேதி எதுவும் இல்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணம் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் மாட்டப்பட்டிருக்கிறது. திருவண்ணாமலை ரமண மகரிஷியின் அந்தப் புகழ்பெற்ற மார்பளவுப் படம். 1946-ல் ஜி.ஜி.வெல்லிங் எடுத்தது. அதிலும் பின்னணியில் எதுவும் இல்லை. ஆசிரமம் இல்லை, மலை இல்லை, பக்தர்கள் இல்லை. ஆனால் மெதுவான வெளிச்சம் அந்த முகத்தில் விழுந்து, கண்களைத் தவிர வேறு எங்கும் நம்மைப் போக விடுவதில்லை. காலியாக விட்ட இடம் அங்கே வேலை செய்கிறது.

அமெரிக்க போட்டோகிராபர் இர்விங் பென் 1950, 1951-ம் ஆண்டுகளில் பாரிஸ், லண்டன், நியூயார்க் நகரங்களில் சாதாரணத் தொழிலாளிகளைக் கூப்பிட்டு ஸ்டூடியோவில் நிற்க வைத்துப் படம் எடுத்தார். தெருவையும் கடையையும் விட்டுவிட்டு, பின்னால் ஒரு வெற்றுத் திரை மட்டும். ஆனால் அவர்களை வேலை செய்யும் உடுப்போடும், தொழில் கருவியோடும் வரச் சொன்னார். தெரு போனாலும் பரவாயில்லை, கையில் இருக்கும் கருவி போகக் கூடாது. கடலூர் படத்தில் அந்தக் கை செய்ததை இங்கே கருவி செய்கிறது.

எனவே ஷட்டரை அழுத்தும் முன்பு ஒரே ஒரு கேள்வி. இந்தப் படத்தை ஒரு வரியில் சொல்வதென்றால் எப்படிச் சொல்வீர்கள்? 'திருவிழாவில் ஜனம்' என்றால் அதற்கு ஒரு பிரேம். 'பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு சாமி காட்டும் தாத்தா' என்றால் அதற்கு வேறு பிரேம். இரண்டாவது வரியில் தாத்தா, பேரன், அவர்கள் பார்க்கும் திசை, இந்த மூன்று மட்டும்தான் இருக்கின்றன. வரியில் இல்லாதது படத்தில் எதற்கு?

மொபைலிலேயே செய்ய முடியுமா? முடியும், ஐந்து வழிகள்

விலை கூடிய கேமரா வேண்டும் என்று நினைக்க வேண்டாம். இதில் பெரும்பாலானவை காலால் செய்யும் வேலை.

1. முதலில் காலை நகர்த்துங்கள். ஜூம் பட்டனைத் தேடும் முன், இரண்டு எட்டு முன்னால் போக முடியுமா என்று பாருங்கள். சப்ஜெக்ட் பெரிதானால் மற்றதற்கு இடம் தானாகக் குறையும். போக வழி இல்லையென்றால், மொபைலில் தனி டெலிபோட்டோ லென்ஸ் இருந்தால் 2எக்ஸ், 3எக்ஸ் பயன்படுத்தலாம். அது குறுகலான காட்சியைப் பிடிப்பதால் பின்னணியும் குறையும். அதற்கு மேல் விரலால் இழுத்துப் பெரிதாக்குவது பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். தெளிவு போய்விடும்.

2. சப்ஜெக்ட்டைப் பார்ப்பதற்கு முன் அதற்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். தலைக்குப் பின்னால் கம்பம் முளைத்த மாதிரி நிற்கிறதா? காதோரம் பேனரில் இருக்கும் தலைவர் எட்டிப் பார்க்கிறாரா? ஒரு அடி இடது, ஒரு அடி வலது நகர்ந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். தேர் நாளில் தெருவில் குந்தி உட்கார்ந்து மேல் நோக்கி எடுத்தால், கடைகளும் தலைகளும் கீழே போய்விடும். தேரின் உச்சிக்குப் பின்னால் வானம் மட்டும் மிஞ்சும். எதிர்மாறாக, பூக்காரம்மாவின் கூடையை எடுக்க வேண்டும் என்றால் மேலிருந்து கீழே பார்த்து எடுக்கலாம். அப்போது தரைதான் பின்னணி. கடலூர் படத்தில் மணல் பின்னணியானதும் இப்படித்தான்.

3. வெளிச்சத்தைக் கத்திரிக்கோல் மாதிரி பயன்படுத்துங்கள். கண் எப்போதும் படத்தில் வெளிச்சமான இடத்துக்கே முதலில் போகும். கோயில் வாசல், மாட்டுக் கொட்டகை, டீக்கடை போன்ற இடங்களில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரும். ஆள் வாசல் ஓரமாக வந்து நிற்கும்போது, உள்ளே இருக்கும் இருட்டு கறுப்புத் திரை ஆகிவிடும். திரையில் அவர் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். பின்னால் இருக்கும் சாமான்கள் எல்லாம் இருட்டில் மறையும். இதன் மறுபக்கம் நிழலுருவப் படம். கிள்ளைக் கடற்கரை கிழக்கு நோக்கியது. காலையில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் எதிரில். அப்போது வானத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ப அளவு வைத்தால், ஆட்கள் கறுப்பு உருவமாக மாறுவார்கள். சட்டை நிறம், பேனர் எழுத்து எதுவும் தெரியாது. குடையின் வடிவமும், அதைப் பிடித்த கையும் மட்டும் தெரியும். ஆனால் உருவங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது, இடையில் வானம் தெரிய வேண்டும்.

4. போர்ட்ரெய்ட் மோடை நம்பலாம், முழுசாக நம்ப வேண்டாம். பெரிய கேமராவில் எஃப் 1.8 மாதிரி அகலத் திறக்கும் லென்ஸை வைத்தால் பின்னணி இயல்பாகவே கலங்கிவிடும். மொபைலில் சென்சார் சின்னது என்பதால் அந்த அளவுக்கு நடக்காது. எது பக்கம், எது தூரம் என்று மொபைல் கணக்குப் போட்டு, தூரத்தில் இருப்பதைச் சாஃப்ட்வேர் மூலம் மங்கலாக்குகிறது. 2016-ல் ஐஃபோன் 7 பிளஸ் வந்தபோது பிரபலமான வசதி, இன்று குறைந்த விலை மொபைலிலும் இருக்கிறது. கணக்கு தப்பும் இடங்களும் உண்டு. கலைந்த முடி, மூக்குக் கண்ணாடியின் ஓரம், குடையின் ஜாலர் இவற்றில் பாதி தெளிவாகவும் பாதி கரைந்தும் போய்விடும். ஒரு வழி: ஆளைச் சுவரோடு ஒட்டி நிற்க வைக்காமல் பத்தடி முன்னால் வரச் சொல்லி, நீங்களும் பக்கத்தில் போய் எடுங்கள். மொபைலின் கணக்கும் சரியாக வரும்.

5. காத்திருங்கள். இது ஒன்றுதான் எந்த மொபைலிலும் வசதியாக வராதது. ஊரை விட்டு வெளியே வந்தால் வயல்கள். பச்சையாக விரிந்து கிடக்கும் வயல் மாதிரி நல்ல பின்னணி ஸ்டூடியோவில்கூடக் கிடைக்காது. வரப்பில் ஒருவர் நடந்து வருகிறார் என்றால், அவர் மரத்தையும் மோட்டார் கொட்டகையையும் தாண்டி, பின்னால் பச்சை மட்டும் இருக்கும் இடத்துக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். பிரேமை முதலிலேயே போட்டு வைத்துவிட்டு, சப்ஜெக்ட் அதற்குள் வரக் காத்திருப்பது தெருவில் படம் எடுப்பவர்களின் பழைய பழக்கம்.

மொபைல் இல்லாமல் பழக ஒரு இடம்

கோயில்களுக்குள் மொபைல் கொண்டு செல்லத் தடை விதிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. பூவராக சுவாமி கோயிலாக இருந்தாலும் சரி, வேறு எந்தக் கோயிலாக இருந்தாலும் சரி, உள்ளே என்ன விதியோ அதைக் கேட்டு நடப்பதே முறை. மூலவர் சன்னதியில் படம் எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் மேலே சொன்ன பாடத்தைப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. ஸ்ரீமுஷ்ணம் கோயிலின் புருஷசூக்த மண்டபத்தில் நாயக்கர் காலத் தூண் சிற்பங்கள் நெருக்கமாக இருக்கின்றன. ஒரு தூணிலேயே பார்க்க அத்தனை விஷயம். முதல் முறை போகிறவருக்கு எதைப் பார்ப்பது என்றே தெரியாது. 'அழகா இருக்கு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

அங்கே இரண்டு கை விரல்களையும் சேர்த்து ஒரு சின்னச் சட்டம் மாதிரி பிடித்து, ஒரு கண்ணை மூடி அதன் வழியாகப் பாருங்கள். தூண் முழுவதும் வேண்டாம், ஒரு முகம் மட்டும். முகமும் வேண்டாம், ஒரு கையின் வளைவு மட்டும். பக்கவாட்டு வெளிச்சம் விழும் தூணில் அந்த வளைவு எப்படிப் புடைத்துத் தெரிகிறது, வெளிச்சம் விழாத தூணில் எப்படித் தட்டையாகிறது என்று பாருங்கள். படம் எடுக்காமலேயே பிரேம் போடக் கற்றுக்கொள்ளலாம். பத்து நிமிடம் இப்படிப் பார்த்துவிட்டு வெளியே வந்து தெருவில் மொபைலை எடுத்தால், வித்தியாசம் தெரியும்.

பின்னால் அழித்தால் என்ன?

'எதற்கு இவ்வளவு கஷ்டம்? எடுத்த பிறகு வேண்டாததை அழித்துவிடலாமே' என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். 2021-ல் கூகுள் பிக்சல் 6 மொபைலில் மேஜிக் இரேசர் வந்தது. இன்று பல மொபைல்களில் அதுபோன்ற வசதி இருக்கிறது. பின்னால் நிற்பவரை விரலால் தேய்த்தால் காணாமல் போய்விடுவார்.

வீட்டு விசேஷப் படத்தில் தண்ணீர் பாட்டிலை அழிப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் 'இது நடந்தது' என்று சொல்லிப் பகிரும் படத்தில் அழிப்பது வேறு விஷயம்.

அதற்கும் ஒரு சம்பவம் இருக்கிறது. 2010 வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் உக்ரைன் போட்டோகிராபர் ஸ்டெபான் ருடிக், தெருச் சண்டை பற்றிய படத் தொகுப்புக்குப் பரிசு வாங்கினார். அதில் ஒரு படம், கையில் கட்டுப் போடும் காட்சி. அகலமாக எடுத்த படத்தை வெட்டிச் சுருக்கி, நிறத்தை மாற்றி அனுப்பியிருந்தார். வெட்டியதும் நிறம் மாற்றியதும் அவரைத் தகுதி நீக்கம் செய்வதற்குக் காரணம் ஆகவில்லை. ஆனால் அந்தக் கைக்குப் பின்னால் தெரிந்த இன்னொருவரின் காலின் சின்னப் பகுதியை அவர் கம்ப்யூட்டரில் அழித்திருந்தது தெரிய வந்தது. பரிசு பறிக்கப்பட்டது.

கொஞ்சம் வினோதமாகத் தோன்றும். பெரும் பகுதியை வெட்டினால் பரவாயில்லை, துளியூண்டு காலை அழித்தால் தப்பா? ஆமாம், தப்புதான். வெட்டும்போது 'நான் இந்த இடத்தை மட்டும் காட்டுகிறேன்' என்று சொல்கிறோம். காட்டிய இடத்துக்குள் அழிக்கும்போது 'இங்கே இது இல்லை' என்று சொல்கிறோம். முதலாவது தேர்வு. இரண்டாவது பொய்.

வெட்டுவதிலும் பொய் வரலாம்

அதற்காக வெட்டுவது எல்லாம் சுத்தம் என்று அர்த்தமில்லை. மொபைலில் செய்தி பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முப்பது பேர் நெருக்கி நிற்கும் இடத்தைத் தூரத்திலிருந்து டெலிபோட்டோ லென்ஸில் பிரேம் நிறைய எடுத்தால், பெரும் கூட்டம் மாதிரி தெரியும். அதே இடத்தை மாடியில் இருந்து அகலமாக எடுத்தால் காலி மைதானம் தெரியும். சாலையில் தேங்கிய ஒரு பள்ளத்துத் தண்ணீரைத் தரையோடு வைத்து எடுத்தால் ஊரே மூழ்கியது போல இருக்கும். எந்தப் படத்திலும் எதுவும் அழிக்கப்படவில்லை, ஆனால் இரண்டும் சொல்லும் சேதி வேறு.

2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று அடுத்தடுத்துப் பார்த்த மாவட்டம் கடலூர். ஒவ்வொரு முறையும் படங்கள் மொபைல் மொபைலாகப் பறக்கின்றன. நெருக்கமாக எடுத்த ஒற்றைப் படம் கையில் வந்தால், பகிர்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். இந்த பிரேமுக்கு நாலு அடி வெளியே என்ன இருந்திருக்கும்? அதே இடத்தின் அகலமான படமோ வீடியோவோ கிடைக்கிறதா என்று தேடிப் பார்த்தால், பல வதந்திகள் அங்கேயே நின்றுவிடும்.

தனித்துக் காட்டப்பட்டவருக்கு என்ன ஆகிறது?

கூட்டத்தோடு கூட்டமாக இருக்கும்வரை யாருக்கும் ஒன்றும் இல்லை. ஒருவரை மட்டும் பிரித்துக் காட்டும்போது, ஊருக்கே அவர் முகம் தெரிந்துவிடுகிறது. கடலூர் மணலில் அழுத அந்தப் பெண் தன் சொந்தத்துக்காக அழுதார். உலகத்துக்காக அழவில்லை.

அதே அர்கோ தத்தா 2002 குஜராத் கலவரத்தின்போது எடுத்த இன்னொரு படமும் நாடறிந்தது. கண்ணில் நீரோடு கைகூப்பி நிற்கும் ஒரு மனிதர். கலவரத்தின் கொடுமையை அந்த ஒரு முகம் சொன்னது. ஆனால் போகும் இடமெல்லாம் அந்தப் படத்தில் இருந்தவராகவே அடையாளம் காணப்பட்டு, வேலைக்கும் இருப்பதற்கும் பட்ட சிரமங்களை அந்த மனிதரே பின்னாளில் ஊடகங்களிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தப் படங்கள் எடுத்திருக்கவே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் நிவாரண அரிசி வாங்க வரிசையில் நிற்கும் ஒரு பாட்டியின் முகத்தை மட்டும் பிரித்தெடுத்து ஸ்டேட்டஸில் வைக்கும் முன், இரண்டு நொடி யோசிக்கலாம். முடிந்தால் கேட்டுவிட்டு எடுக்கலாம். கேட்க முடியாத துக்கத்தில் இருப்பவர் என்றால், எடுக்காமல் விடுவதும் ஒரு தேர்வுதான். முகம் இல்லாமல், பையைப் பிடித்த அந்தக் கையை மட்டும் எடுத்தாலும் சேதி போய்ச் சேரும்.

மறுபடியும் கிள்ளைக்கு...

இப்போது பாட்டியின் கேள்விக்கு வரலாம். அடுத்த மாசி மகத்துக்குச் சாமியை மட்டும் பிரேம் நிறைய எடுத்துவிட்டால் போதுமா? பாட்டிக்குப் போதும். கையெடுத்துக் கும்பிடுவார்.

ஆனால் கிள்ளைக்குப் போகும் வழியில் தைக்கால் என்ற இடம் வருகிறது. அங்கே ரஹமத்துல்லா தர்கா இருக்கிறது. பூவராக சுவாமி அங்கே வரும்போது இஸ்லாமியர்கள் பட்டும் மாலையும் கொடுத்து வரவேற்கிறார்கள். கோயில் சார்பில் தர்காவுக்கு மரியாதை செய்யப்படுகிறது. பல தலைமுறையாக நடந்து வரும் வழக்கம் இது.

அந்த இடத்தில் நின்று, பாடத்தை அப்படியே மனப்பாடம் செய்தவர் என்ன செய்வார்? பின்னணி வேண்டாம், கூட்டம் வேண்டாம், சாமி முகம் மட்டும் போதும் என்று டைட்டாக ஒரு படம் எடுப்பார். படம் சுத்தமாக, அழகாக இருக்கும். ஸ்ரீமுஷ்ணத்தில் எடுத்தாலும் அப்படித்தான் இருக்கும், சிதம்பரத்தில் எடுத்தாலும் அப்படித்தான் இருக்கும். தைக்காலில் நடந்தது அதில் இருக்காது.

அங்கே சப்ஜெக்ட் சாமி மட்டும் இல்லை. மாலையை நீட்டும் கையும், அதை வாங்கும் கையும்தான் சப்ஜெக்ட். பேனரை விட்டுவிடலாம், மின்கம்பியை விட்டுவிடலாம், பலூன்காரரையும் மற்ற மொபைல்களையும் விட்டுவிடலாம். அந்த இரண்டு கைகளுக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ போகலாம். ஆனால் அதில் ஒரு கை பிரேமுக்கு வெளியே போய்விட்டால், அது வேறு படம்.

அடுத்த முறை மொபைலைத் தூக்கும்போது 'எதை எல்லாம் எடுத்துவிடலாம்?' என்று முதலில் கேளுங்கள். பட்டனை அழுத்தும் முன்பு இன்னொரு தடவை, 'எதை எடுத்துவிட்டால் இது வேறு கதை ஆகிவிடும்?' என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை மட்டும் பிரேமுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும்.